வார்த்தை வராத நாளில் சங்கீதம்

காளவாசல்,
மதுரை – 16.

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் என் அன்பைச் சொல்.

போன வாரம் போனில் நீ சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. “முழங்கால் போட்டா ஒரு வார்த்தையும் வர மாட்டேங்குது மாமா. ஆண்டவரேன்னு ஆரம்பிக்கிறேன், அதோட நின்னுடுது” என்றாய். நான் பதில் சொல்வதற்குள் நர்ஸ் கூப்பிட்டுவிட்டார், நீ வைத்துவிட்டாய். போனில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை அது. அதனால்தான் இந்தக் கடிதம். வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் மாப்பிள்ளையின் டயாலிசிசுக்காக வார்டுக்கு வெளியே பெஞ்சில் காத்திருக்கிறாயே, அங்கே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வாசி.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். சொந்த வார்த்தை வரவில்லை என்பதால் உன் ஜெபம் நின்றுபோய்விடவில்லை. வராத வார்த்தையைத் தேடித் திணறாதே. உன்னைப் போலவே நெஞ்சு அடைத்து நின்றவர்கள் சொன்ன வார்த்தைகள் வேதத்தில் இருக்கின்றன. அதை எடுத்து உன் வாயால் சொல். அதுவும் உன் ஜெபம்தான். கர்த்தர் அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்.

நம் வீடுகளில் வேதம் எப்படிப் புழங்குகிறது என்று யோசித்துப் பார். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனம். நீயே 91ஆம் சங்கீதத்தை மூச்சு விடாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கினவள். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்து, வருஷம் முழுக்கப் பீரோ கதவில் ஒட்டி வைப்போம். எல்லாம் நல்ல பழக்கம்தான். ஆனால் இதிலேயே வளர்ந்தவர்களுக்கு, வேதம் என்றால் கர்த்தர் நமக்குச் சொல்வது மட்டும்தான் என்று பதிந்துபோகிறது. நாம் அவரிடம் சொல்லவேண்டியதும் அதிலேயே எழுதியிருக்கிறது என்பது மறந்துபோகிறது. வாக்குத்தத்த அட்டையில் ஆசீர்வாதம் வரும், உயர்வு வரும், புலம்பல் வராது. புது வருஷத்தில் அப்படி ஓர் அட்டை எடுத்துவிட்டு, மூன்றாம் மாதம் இரண்டு கிட்னியும் பழுது என்று டாக்டர் சொல்லக் கேட்டால், அந்தப் பீரோ கதவைப் பார்க்கவே கசக்கும். உனக்கும் கசந்திருக்கும். கசந்ததற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

இங்கே பக்கத்தில் அரசரடி இறையியல் கல்லூரியில் எழுபதுகளில் நான் படித்தபோது, அத்தனாசியு எழுதிய ஒரு கடிதம் கைக்கு வந்தது. நாலாம் நூற்றாண்டில் எகிப்தில் அலெக்சாந்திரியாவின் பேராயராக இருந்தவர் அவர். மார்செல்லினு என்பவர் நோயில் கிடந்த நாட்களில் சங்கீதப் புத்தகத்தை ஊன்றிப் படிக்கிறார் என்று கேள்விப்பட்டு அவருக்கு எழுதுகிறார். ஒரு முதியவர் தமக்குச் சொன்னதாக அதில் ஒரு விஷயம் வருகிறது. வேதத்தின் மற்றப் புத்தகங்களில் இன்னொருவர் பேசியதை நாம் கேட்கிறோம். சங்கீதத்தில் மட்டும் வாசிக்கிறவரே பேசுகிறவர் ஆகிவிடுகிறார், தன் மனதின் ஒவ்வோர் அசைவையும் அதில் பார்த்துக்கொள்கிறார் என்கிறார். அதோடு நிற்கவில்லை. இன்ன துன்பத்தில் இருந்தால் இந்தச் சங்கீதத்தைச் சொல் என்று நீளமாக எடுத்தும் கொடுக்கிறார். அத்தனாசியு ஐந்து முறை ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர். வசதியாக உட்கார்ந்து புத்தி சொன்னவர் இல்லை.

ஓய்வுபெறும்வரை உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துச் சபைகளில் ஊழியம் செய்தபோது, வாரம் ஒரு நாளாவது மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போவேன். ஒரு வார்டில், மகன் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவைப் பார்த்தேன். எழுதப் படிக்கத் தெரியாது. கேட்டுக் கேட்டு மனதில் நின்றது 23ஆம் சங்கீதம் மட்டும்தான், அதுவும் முழுசாக இல்லை. தெரிந்த இரண்டு வரியைத் திரும்பத் திரும்ப முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நன்றாகக் காது கொடுத்துக் கேட்டபோதுதான் தெரிந்தது, ‘என்னை’ என்று வருகிற இடத்தில் எல்லாம் மகன் பெயரைப் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. நான் கல்லூரியில் படித்ததை அந்த அம்மா வார்டுத் தரையில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தார்.

பாப்பா, கர்த்தரிடம் கோபப்படக் கூடாது, நல்ல வார்த்தைதான் சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் உன் வாய் அடைத்துக்கொள்கிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் சங்கீதப் புத்தகத்தைத் திறந்து பார். 150 சங்கீதத்தையும் வகைபிரித்துப் பார்த்த அறிஞர்கள், அதில் முறையீடும் புலம்பலும்தான் எண்ணிக்கையில் முதலிடம் என்கிறார்கள். நம் ஊர் எழவு வீட்டில் ஒப்பாரி வைக்கிற கிழவிகளைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். செத்தவர் முகத்தைப் பார்த்தே ‘இப்படி விட்டுட்டுப் போயிட்டியே’ என்று சண்டை பிடிப்பார்கள். அந்தச் சண்டை எவ்வளவு பாசத்தில் வருகிறது என்பதை யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. சங்கீதக்காரனும் அந்த உரிமையில்தான் கர்த்தரோடு சண்டை பிடிக்கிறான். வேண்டாதவரிடம் யாரும் முறையிடுவதில்லை.

13ஆம் சங்கீதத்தை எடுத்துப் பார். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் ‘இன்னும் எத்தனை நாளைக்கு’ என்கிற கேள்வி நான்கு தடவை வருகிறது. என்னை மறந்துபோனீரா, முகத்தைத் திருப்பிக்கொண்டீரா என்று நேருக்கு நேராகக் கேட்கிறான். அடுத்த இரண்டு வசனம் விண்ணப்பம்: என்னைப் பாரும், பதில் சொல்லும் என்று. கடைசி இரண்டு வசனத்தில் நம்பிக்கை வந்துவிடுகிறது, பாட்டும் வந்துவிடுகிறது. நாலாம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவில் என்ன நடந்தது? நோய் தீர்ந்ததா, எதிரி விலகினானா, சங்கீதம் சொல்லவில்லை. அந்த நடுவில் ஒரு ராத்திரி போயிற்றோ, ஒரு வருஷம் போயிற்றோ தெரியாது. நீ இப்போது முதல் வசனத்தில் நிற்கிறாய் என்றால் முதல் வசனத்தையே சொல். ஐந்தாம் வசனத்துக்கு வந்துவிட்ட மாதிரி யாருக்காகவும் நடிக்காதே. கர்த்தருக்காகவும் நடிக்க வேண்டியதில்லை.

88ஆம் சங்கீதம் இன்னும் கடுமையானது. 18 வசனம் முழுக்க வேதனை. கடைசியில் விடியல் என்று ஒரு வரிகூட இல்லை. சிநேகிதரும் விலகிப்போய், இருட்டில் முடிகிறது. ஆனாலும் அது கர்த்தரைக் கூப்பிட்டுத்தான் தொடங்குகிறது, இரவும் பகலும் அவரிடம்தான் பேசுகிறது. இவ்வளவு கசப்பு எதற்கு என்று யூதரும் அதை எடுத்துப்போடவில்லை, சபையும் எடுத்துப்போடவில்லை. இருட்டில் முடிகிற ஜெபத்துக்கு வேதத்துக்குள்ளேயே இடம் இருக்கிறதென்றால், ‘ஆண்டவரே’ என்பதோடு நின்றுபோகிற உன் ஜெபத்துக்கும் இடம் இருக்கிறது.

இந்த வார்த்தைகள் தமிழில் நம் கைக்கு வந்த கதையையும் உனக்குச் சொல்ல வேண்டும். சீகன்பால்கு என்ற மிஷனரி 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1708இல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அந்த வருஷமே தரங்கம்பாடி டேனிஷ் தளபதியின் கோபத்துக்கு ஆளாகி, ஏறத்தாழ நாலு மாதம் சிறையில் கிடந்தார். வெளியே வந்து விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தார். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சில் வந்தது. அவர் இறந்தபோது வயது 36.

அவருக்குப் பிறகு வந்த பப்ரீசியஸ் எனக்கு இன்னும் நெருக்கமானவராகத் தோன்றுவார். 1740இல் இந்தியாவுக்கு வந்து, இரண்டு வருஷத்தில் சென்னைக்குப் போனார். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, இருந்த இடம் பறிபோய்ப் பழவேற்காட்டுக்கு ஓட வேண்டியதாயிற்று. திரும்பி வந்து வேப்பேரியில் ஊழியத்தை மறுபடி கட்டினார். சில வருஷத்தில் மறுபடி முற்றுகை, மறுபடி சூறை. இத்தனைக்கும் நடுவில் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் செதுக்கிக்கொண்டிருந்தார். 1772இல் அவருடைய புதிய ஏற்பாடு வெளிவந்தது; சங்கீதம் அடங்கிய பழைய ஏற்பாட்டையும் அவர் தமிழாக்கினார். முதுமையிலாவது நிம்மதி கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. பிறர் நம்பிக் கொடுத்த பணம் அவர் கடனாகக் கொடுத்த இடத்தில் முடங்கிப்போய், கடனுக்காகச் சிறைக்குப் போனார். 1791இல் காலமானார். நாம் இன்றைக்கு வீட்டில் வாசிக்கிற பழைய திருப்புதல் 1871இல் போவர் என்பவர் தலைமையில் வந்தது. அதற்கு அடிப்படை பப்ரீசியசின் தமிழ்தான்.

ஓடி ஒளிந்தவர், கடனில் சிறைப்பட்டவர் சங்கீதத்தைத் தமிழாக்கியிருக்கிறார். நெருக்கத்தில் இருந்து கூப்பிடுகிற வரிகளை அவர் அகராதியை வைத்து மட்டும் எழுதியிருக்க மாட்டார் என்று நான் நம்புகிறேன். நீ அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வாசிக்கிறபோது, உனக்கு முன்னால் தமிழில் அதைச் சொல்லித் தாங்கி நின்றவர்கள் 250 வருஷத்துக்கு மேலாக வரிசையாக இருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்.

சரி, எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். 12ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டு மடம் ஒன்றில் குய்கோ என்ற துறவி இதை நாலு படியாக எழுதிவைத்தார்: வாசிப்பது, அசைபோடுவது, ஜெபிப்பது, அமைதியாக அவர் முன் இருப்பது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. உன் நிலைமைக்கு ஏற்ப 42ஆம் சங்கீதத்தை வைத்தே காட்டுகிறேன்.

மாப்பிள்ளைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று டாக்டர் அளந்து சொல்லியிருக்கிறார். காபி, மோர், ரசம் எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். அடுத்த டயாலிசிசுக்குள் எடை ஏறிவிடக் கூடாதென்று நீ டம்ளரை அளந்து ஊற்றுகிறாய். இந்தச் சித்திரை வெயிலில் நாக்கு வறண்டு அவர் தண்ணீர்க் குடத்தைப் பார்க்கிற பார்வையை என்னிடம் நீயே சொல்லி அழுதாய். 42ஆம் சங்கீதம் நீரோடைக்கு ஏங்குகிற மானில்தான் தொடங்குகிறது. பாட்டாகப் பாடிப் பாடி, காலண்டரில் படமாகப் பார்த்துப் பார்த்து, நமக்கு அந்த மான் அழகான மானாகிவிட்டது. உண்மையில் அது தண்ணீர் கிடைக்காவிட்டால் செத்துப்போகிற மிருகம். தாகம் என்றால் என்னவென்று சபையில் பாடுகிற எங்களைவிட உங்கள் இரண்டு பேருக்கும்தான் நன்றாகத் தெரியும்.

முதல் வசனத்தை மெதுவாக, உன் காதுக்குக் கேட்கிற அளவுக்கு வாய்விட்டு வாசி. அவசரப்படாதே. இரண்டாம் தடவை வாசிக்கும்போது எந்தச் சொல் உன்னைப் பிடிக்கிறதோ அங்கே நிறுத்து. அந்த டம்ளர் ஞாபகத்துக்கு வரட்டும். அது கவனச்சிதறல் இல்லை. அதைத்தான் கர்த்தர் முன்னால் வைக்க வேண்டும். ‘ஆண்டவரே, இவருக்குத் தண்ணீர்த் தாகம், எனக்கு நீர் எங்கே இருக்கிறீர் என்று தெரிந்துகொள்கிற தாகம்’ என்று சொல்லத் தோன்றினால் சொல். ஒன்றும் தோன்றாவிட்டால் அந்த வசனத்தையே இன்னொரு தடவை சொல்லிவிட்டுச் சும்மா இரு. தூக்கம் வந்தால் தூங்கு. உன் உடம்புக்கு அது தேவை. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அடுத்த நாள் கொஞ்சம் கீழே போ. கண்ணீர்தான் சாப்பாடு என்கிற நிலைமையில் சங்கீதக்காரன் இருக்கிறான். உன் கடவுள் எங்கே போனார் என்று சுற்றியிருப்பவர்கள் கேட்கிறார்கள். முன்பு ஜனங்களோடு கூட்டமாகக் கோயிலுக்குப் போன பண்டிகை நாளை நினைத்து ஏங்குகிறான். நீயும் மாப்பிள்ளையும் வண்டியில் ஞாயிறு ஆராதனைக்குப் போன நாள் உனக்கு ஞாபகம் வரும். வரட்டும், அதையும் சொல். பிறகு அவன் தன் ஆத்துமாவைப் பார்த்தே பேசுகிறான், ஏன் இப்படிச் சோர்ந்துபோகிறாய் என்று. 42ஐயும் 43ஐயும் சேர்த்து வாசித்தால் அதே பேச்சு மூன்று தடவை வரும். ஒரு தடவை சொன்னதும் அவனுக்குச் சரியாகிவிடவில்லை என்று அர்த்தம். மறுபடி அலை அடிக்கிறது, மறுபடி தன்னைத் தேற்றிக்கொள்கிறான். உனக்கும் திங்கட்கிழமை கிடைத்த ஆறுதல் புதன்கிழமை காணாமல் போகும். அப்போது மறுபடி எடுத்து வாசி.

ஒரு சங்கீதத்தை ஒரு வாரமாவது வைத்துக்கொள். தினம் ஒரு புது அதிகாரம் என்று ஓடாதே. வருஷத்தில் வேதத்தை முடிக்கிற அட்டவணை இப்போதைக்கு உனக்கு வேண்டாம்.

ராத்திரிக்குத் தனியாக ஒன்று சொல்கிறேன். பெனடிக்ட் மடத்துத் துறவிகள் ஆறாம் நூற்றாண்டிலிருந்தே படுக்கப்போகும் முன் 4, 91, 134 ஆகிய மூன்று சங்கீதங்களைச் சொல்லிவிட்டுத்தான் படுப்பார்கள். தினமும் அதே மூன்று. யோசித்துத் தேர்ந்தெடுக்கத் தெம்பில்லாத நேரத்தில் பழகிய வார்த்தையே போதும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். 91 உனக்கு மனப்பாடம். 4 எட்டே வசனம். தூக்கத்தைப் பற்றித்தான் முடிகிறது. அதைப் பேத்தியோடு சேர்ந்து சொல். அவளுக்கும் இருட்டில் பயம் இருக்கும், உன்னிடம் சொல்லாமல் இருப்பாள். நம் ஆண்டவரே சிலுவையில் உயிர் போகிற வேதனையில் இருந்தபோது, சின்ன வயதிலிருந்து பழகிய சங்கீதங்களைத்தான் சொன்னார். ஒன்று 22, இன்னொன்று 31. தேவகுமாரனே பழகின ஜெபத்தைச் சொன்னார் என்றால், நமக்கு அதில் என்ன குறைச்சல்?

இனி சொல்வதைக் கண்டிப்பாகக் கேட்டுக்கொள். ஜெபம் பண்ணுகிறோம் என்பதற்காக ஒரு நாள் டயாலிசிஸ்கூடத் தவறக் கூடாது. யாராவது வந்து, விசுவாசம் இருந்தால் மருந்தை நிறுத்து என்று சொன்னால், காபி கொடுத்து மரியாதையாக அனுப்பிவிடு. எசேக்கியா ராஜா சாகும் தறுவாயில் சுவர்ப்பக்கம் திரும்பி அழுது ஜெபித்தான். கர்த்தர் கேட்டேன் என்றார். அதற்கப்புறமும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கட்டியில் பற்றுப்போடச் சொன்னார். 2 இராஜாக்கள் 20ஐ வாசித்துப் பார். கேட்கப்பட்ட ஜெபமும் மருந்தும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைப் புதுப்பிக்கிற வேலை, மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்வது பற்றி டாக்டரிடம் கேட்கிற வேலை, இரண்டையும் தள்ளிப்போடாதே. உனக்கே தூக்கம் போய், சாப்பாடு போய், வாழ்ந்து என்ன என்று தோன்ற ஆரம்பித்தால் உடனே எனக்குச் சொல், டாக்டரிடமும் சொல். அரசாங்கத்தின் 14416 மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அப்படிப் பேசுவது விசுவாசக் குறைவு ஆகாது.

சிலர் உன் வீட்டுக்கு வந்து, ‘ஏதாவது மறைவான பாவம் இருக்கா, யோசிச்சுப் பாருங்க’ என்று கேட்டுவிட்டுப் போனார்களாமே. அதைக் கேட்டு எனக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல சிநேகிதர்கள். வாய் திறந்து, நீ பாவம் செய்ததால்தான் இது என்று நிரூபிக்கப் புறப்பட்டபோது கெட்டார்கள். கடைசி அதிகாரத்தில் கர்த்தர், முறையிட்டுச் சண்டை போட்ட யோபு பேசியதுதான் சரி, அவனுக்குப் புத்தி சொன்ன நீங்கள் பேசியது சரியில்லை என்று தீர்ப்புச் சொல்கிறார். அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொள். வந்தவர்களை மன்னித்துவிடு. அவர்கள் கேள்வியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளாதே.

மாப்பிள்ளை இப்போது ஜெபத்துக்கு உட்காருவதில்லை, வேதத்தைத் தொடுவதில்லை என்று வருத்தப்பட்டாய். விட்டுவிடு. கட்டாயப்படுத்தாதே. கையில் பிஸ்டுலா போட்டு, வாரத்துக்கு மூன்று தடவை இரண்டு பெரிய ஊசி ஏற்றிக்கொள்கிற மனுஷனுக்கு நாம் பிரசங்கம் செய்யக் கூடாது. உன் ஜெபத்தில் அவருக்கும் சேர்த்து நீ சொல். அவரால் கேட்க முடியாத கேள்வியை 13ஆம் சங்கீதத்தில் அவருக்காக நீ கேள். என்றைக்காவது அவராக, என்ன வாசிக்கிறாய் என்று கேட்டால், 88ஐ வாசித்துக் காட்டு. 23ஐ வாசித்தால் தனக்குச் சமாதானம் சொல்கிறார்கள் என்று நினைப்பார். 88ஐக் கேட்டால், தன்னைப் போல ஒருவன் வேதத்துக்குள்ளேயே இருக்கிறான் என்று தெரிந்துகொள்வார். அந்த ஒன்றே அவருக்குப் பெரிய துணை.

இப்படி ஜெபித்தால் அவர் குணமாகிவிடுவாரா என்று நீ கேட்கலாம். குணமாக வேண்டுமென்று நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், நிறுத்த மாட்டேன். பவுல் தன் சரீரத்து முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார்; முள் எடுக்கப்படவில்லை, தாங்குகிற பெலன் கொடுக்கப்பட்டது. எது நடக்கும் என்று வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் இத்தனை வருஷ ஊழியத்தில் கண்ணால் கண்டதைச் சொல்வேன். சங்கீதத்தைத் தன் வாயில் எடுத்துக்கொண்டவர்கள் தனியாக அழவில்லை. அவர்களுடைய அழுகை போய்ச் சேர ஓர் இடம் இருந்தது. துக்கம் அப்படியே இருந்தும், அதை ஒருவரிடம் சொல்லிவிட்டோம் என்கிற நிலை அவர்களுக்குக் கிடைத்தது. அடுத்த வேளை சோறு வடிக்க, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப, மறுபடி ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற அந்தத் தெம்பு போதுமானதாக இருந்தது. ஆறுதல் என்று நான் சொல்வது இதைத்தான். இது சின்ன விஷயம் இல்லை, பாப்பா.

இந்த வாரத்துக்கு 130ஆம் சங்கீதத்தை வைத்துக்கொள்வோம். எட்டு வசனம். ஆழத்தில் இருந்து கூப்பிடுவதில் தொடங்கி, விடியலுக்குக் காத்திருக்கிற ஜாமக்காரரிடம் வந்து சேர்கிறது. உன்னைப் போலக் கண் விழித்துக் காத்திருக்கிறவர்களுக்கு ஏற்ற சங்கீதம். காளவாசலில் மேம்பாலம் வந்தும் சத்தம் அடங்கவில்லை. விடியக்காலம் நாலரை மணிக்குத்தான் ரோடு கொஞ்சம் ஓய்ந்திருக்கும். அந்த நேரத்தில் நான் தினம் அதை உங்கள் மூன்று பேர் பெயரையும் சேர்த்து வாசிக்கிறேன். நீ எழுந்திருக்க வேண்டாம், தூங்கு. வார்டு வாசலில் உட்காருகிறபோது உன் பங்குக்கு நீ வாசி. வாசிக்கக்கூட முடியாத நாளில், மாமா காலையிலேயே சொல்லிவிட்டார் என்று விட்டுவிடு.

வருகிற வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆரப்பாளையத்தில் திருப்பூர் பஸ் ஏறுகிறேன். அத்தையும் வருகிறாள். சனிக்கிழமை டயாலிசிசுக்கு மாப்பிள்ளையோடு நான் போகிறேன். நீ வீட்டில் படுத்துத் தூங்கு. சமையலை அத்தை பார்த்துக்கொள்வாள். உப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வை.

கர்த்தர் உன்னைக் காப்பாராக.

அன்புடன்,
உன் மாமா